ஆடும் பொறியும் ஆடுவோர் அறமும்

வெண்திரையில் ஒரு பாவையின் நிழல் ஆடுகிறது. அதனைப் பின்னிருந்து ஆட்டுவது மனிதக் கையா, மின்னாற்றலால் இயங்கும் இரும்புக் கையா என்பது திரையின் முன் அமர்ந்திருப்பவர்க்குத் தெரியாது. நிழல் இரண்டுக்கும் ஒன்றே. காண்போர் கண்ணுக்கு வேறுபாடு இல்லையெனின், உண்மையில் வேறுபாடு உண்டா? உண்டெனின் அது எங்கே இருக்கிறது? ஆடலை நாம் கலையென்று போற்றுவது அசைவின் அழகுக்காகவா, அவ்வசைவுக்குப் பின்னே நிற்கும் வேறொன்றுக்காகவா?

இவை அறிவியல் புனைகதைக்கு உரிய வினாக்கள் போலத் தோன்றும். நடனத்தையும் திரைப்படத்தையும் ஒன்றாக இணைத்து, வருங்கால உலகையும் இயந்திர மனிதரையும் மேடையில் காட்டும் நிகழ்ச்சிகள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. அவற்றைச் சார்ந்த ஆராய்ச்சி என்றே பலரும் இதனைக் கருதுவர். ஆனால் இதே வினா 2021ஆம் ஆண்டில், நாம் வாழும் பாலக்காட்டு மாவட்டத்திலேயே எழுந்தது. அதுவும் கம்பன் தமிழை வழிவழியாக ஒலித்துவரும் தோற்பாவைக் கூத்தில் எழுந்தது. ஆகவே அதனைப் பிறர் ஆராய்ச்சிக்கு விட்டுவிடாமல் நாமே சிறிது எண்ணிப் பார்ப்பது தகும்.

கூத்துமாடம்

பாரதப்புழையைச் சார்ந்த பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் உள்ள பத்திரகாளி கோயில்கள் பலவற்றில் கூத்துமாடம் என்னும் தனிக் கட்டடம் உண்டு. ஏறத்தாழ 42 அடி நீளமுள்ள அம்மாடத்தின் முன்புறத்தில் வெண்துணி கட்டப்படும். அதன் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து 21 விளக்குகள் ஏற்றப்படும். விளக்குக்கும் துணிக்கும் இடையே தோலால் வெட்டிச் செய்த பாவைகள் ஆடும். ஆட்டுவோர் புலவர் என்று அழைக்கப்பெறுவர். வீட்டில் மலையாளம் பேசும் அவர்கள், மாடத்தில் கம்பன் பாடல்களைப் பாடித் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் பொருள் விரித்துரைக்கிறார்கள். மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட பின்னரும் தமிழ் இவ்விடத்தை விட்டு அகலாமல் நிற்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இக்கூத்துக்கு ஒரு கதை வழங்குகிறது. இராமனும் இராவணனும் போரிட்ட காலத்தில் காளி தாருகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே இராமாயணப் போரை அவள் காண இயலவில்லை. அக்குறை தீர ஆண்டுதோறும் அவள் முன் அக்கதையை நடித்துக் காட்டுகிறார்கள் என்பர். எனவே இக்கூத்தின் முதற் பார்வையாளர் அம்மனே. ஊரார் வந்தாலும் வாராவிடினும் கூத்து நடைபெறும். இரவு முழுவதும் நடைபெறும். சில கோயில்களில் 21 இரவுகள் தொடர்ந்து நடைபெறும். இதனை நேரில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1996இல் வெளியிட்ட தம் நூலில், முன்னே எவரும் இல்லாத இரவுகளிலும் புலவர்கள் தமக்குள்ளேயே வினவியும் விடையிறுத்தும் கூத்தை நடத்துவதை எடுத்துக்காட்டினார். திரைக்கு முன்னே ஆள் இல்லாதபோது, திரைக்குப் பின்னே இருப்பவர்கள் ஒருவர்க்கொருவர் அவையாகிவிடுகிறார்கள்.

இத்தகைய கூத்தில்தான் 2021இல் இயந்திரம் நுழைந்தது. திருச்சூரைச் சேர்ந்த ரோபோ தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று, கூத்துக் கலைஞர்களின் துணையோடு, தோற்பாவைகளைத் தானே அசைக்கும் கருவியை அமைத்தது. அருங்காட்சியகத்துக்கு வருவோர்க்கு எந்நேரமும் கூத்தின் ஒரு பகுதியைக் காட்ட அது பயன்படும் என்பது நோக்கம். அதே ஆண்டில் இக்கலையின் மூத்த ஆசானாகிய இராமச்சந்திர புலவருக்கு நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. மனிதக் கை விருது பெற்ற ஆண்டிலேயே இரும்புக் கையும் ஆடத் தொடங்கியது. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிப்பவர்க்கு மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருங்கே தோன்றுதல் இயல்பு.

பொறி என்னும் சொல்

தமிழர் இயந்திரத்தைக் கண்டு மருளும் இனத்தார் அல்லர். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்துத் தன் தேவி விசயைக்கு அதனை ஓட்டப் பழக்குகிறான். பகை சூழ்ந்தபோது கருவுற்றிருந்த அரசியை அப்பொறி வானவழியே சுமந்து செல்கிறது. வானூர்தி என்பதை உலகம் கண்ணால் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் புலவர் அதனைக் கருத்தால் கண்டார். ஆயினும் திருத்தக்கதேவர் அப்பொறியைக் காப்பியத் தலைவனாக ஆக்கவில்லை. பொறி அரசியைச் சுமந்தது. ‘நீ செல்க, நான் நின்று பொருவேன்’ என்னும் துணிவைச் சுமந்தவன் மன்னன்.

நம் மொழியில் பொறி என்னும் சொல்லுக்கு இயந்திரம் என்றும் பொருள் உண்டு. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐம்பொறி என்றும் பொருள் உண்டு. இவ்வொற்றுமையில் நமக்கு ஓர் அறிவுரை அடங்கியுள்ளது. உடலும் ஒருவகைப் பொறியே. எலும்பும் நரம்பும் தசையும் நெம்புகோலும் கயிறும் போலவே இயங்குகின்றன. ஆகவே மனிதன் தசையால் ஆனவன், இயந்திரம் இரும்பால் ஆனது என்று பிரிப்பதால் வினா தீராது. உடலாகிய பொறியை ஆள்பவன் ஒருவன் உள்ளே இருக்கிறானா என்பதே கேட்கத்தக்கது.

திரையும் நடனமும்

இயந்திரத்தின் துணையைக் கொள்வதாலேயே ஆடல் கெட்டுவிடும் என்று கூறுவார் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கம் ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக அளந்து செய்யப்பட்டது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று வகைத் திரைகள் அங்கே அமைந்தன. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் வைக்கப்பட்டன. ஒளியும் திரையும் தொழில்நுட்பமும் நம் ஆடலுக்குப் புதியன அல்ல என்பதற்கு இது சான்றாகும்.

சென்ற நூற்றாண்டில் திரைப்படம் வந்தபோதும் அறிவுடைய கலைஞர் அதனைப் புறக்கணிக்கவில்லை. உதயசங்கர் 1948இல் வெளியிட்ட ‘கல்பனா’ என்னும் படம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. கே. ராம்நாத் அதன் ஒளிப்பதிவாளர். மேடையில் ஆடியதைப் படம் பிடித்துவைக்காமல், படக்கருவியின் கண்ணுக்கென்றே ஆடலை அமைத்த முயற்சி அது. மனிதர் தம் கைகால்களையே சக்கரமும் தண்டும் ஆக்கிப் பேரியந்திரம் போல் இயங்கும் காட்சி ஒன்று அதில் வருகிறது. தொழிலாளியை இயந்திரத்தின் உறுப்பாக்கிவிடும் வாழ்வைக் கண்டு கலைஞன் எழுப்பிய குரல் அது. 2012இல் புதுப்பிக்கப்பட்டுக் கான் திரைப்பட விழாவில் அப்படம் மீண்டும் காட்டப்பெற்றது.

அமெரிக்க நடனக் கலைஞர் மெர்சு கன்னிங்காம் 1999இல் தம் 80ஆம் அகவையில் ‘பைப்பெட்’ என்னும் நடனத்தை அரங்கேற்றினார். ஆடுவோர் உடலில் ஒளியைத் திருப்பும் குறிகளைப் பொருத்தி, அவர்களுடைய அசைவை மட்டும் கணிப்பொறியில் பதிவு செய்தனர். அவ்வசைவு கோட்டுருவங்களாகி, மேடையின் முன் தொங்கிய மெல்லிய திரையில் தோன்றியது. திரைக்கு அப்பால் உயிருள்ள மனிதரும் ஆடினர். முடக்குவாதத்தால் தாமே ஆட இயலாத முதுமையில், புதிய அசைவுகளை எண்ணிப் பார்க்கக் கணிப்பொறி அவருக்கு ஊன்றுகோலாயிற்று. நம் அண்டையில் பெங்களூரில் ‘ஆட்டக்களரி’ என்னும் நிறுவனத்தை நடத்திய ஜெயச்சந்திரன் பாலாழி, சிலப்பதிகாரத்தின் தூண்டுதலால் ‘குரோனோடோபியா’ என்னும் தற்கால நடனத்தை அமைத்தார். ஆடுவோரைச் சூழ்ந்து ஒளிப்படிமங்கள் மாறிமாறித் தோன்றும் நடனம் அது. இளங்கோவின் மூன்று எழினிகளுக்குப் பின் நான்காவதாக ஓர் எழினி வந்துவிட்டது என்று நாம் இதனைக் கொள்ளலாம்.

இவையனைத்திலும் திரையும் பொறியும் துணையாக நின்றன. ஆடியவர் மனிதர். துணையாக வந்தது தலைமை கொள்ளும்போதுதான் நம் வினா எழுகிறது.

நாண் இரண்டு

பிற நாட்டுக் கற்பனையும் இதனை அறிந்திருந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகமே ‘ரோபோ’ என்னும் சொல்லை உலகுக்கு அளித்தது. அச்சொல்லின் வேர் கட்டாய ஊழியத்தைக் குறிப்பது. 1927இல் பிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில், மரியா என்னும் நற்குணப் பெண்ணின் வடிவில் ஓர் இயந்திரப் பெண் செய்யப்படுகிறாள். அவள் செல்வர்கள் முன் ஆடி அவர்கள் அறிவை மயக்குகிறாள். முகம் அதே முகம். உடல் அதே உடல். இல்லாதது எது?

வள்ளுவர் அதற்குப் பெயரிட்டிருக்கிறார். நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், அகத்தில் நாண் இல்லாத மாந்தரின் இயக்கத்தை, மரப்பாவையைக் கயிற்றால் ஆட்டி உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பிடுகிறார். நாண் என்பது பழிக்கு அஞ்சும் உள்ளத்தையும் குறிக்கும், கயிற்றையும் குறிக்கும். இரு பொருளிலும் அச்சொல்லை அக்குறளில் அவர் ஆண்டிருக்கிறார். உள்ளே நாண் உடையவன் தன்னால் இயங்குகிறான்; அது இல்லாதவனை வெளியே உள்ள நாண் இயக்குகிறது. உயிருள்ளவனுக்கும் பாவைக்கும் உள்ள எல்லைக்கோட்டை வள்ளுவர் அறிவில் இடவில்லை, திறமையில் இடவில்லை, நாணில் இட்டார்.

இக்கருத்தைத் தமிழ்த் திரைப்படம் ஒன்று, அறிந்தோ அறியாமலோ, நெஞ்சைத் தைக்கும் வகையில் காட்டியது. 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தில் இயந்திர மனிதன் ஆடுகிறான், பாடுகிறான், எதையும் நொடியில் கற்கிறான். ஒரு கட்டடத்தில் தீப்பற்றியபோது பலரைக் காப்பாற்றுகிறான். குளித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியையும் ஆடையின்றியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறான். உயிரைக் காத்ததாகவே அவன் கணக்கு. அவளோ நாணம் தாங்காது ஓடி ஊர்தியில் அடிபட்டு இறக்கிறாள். இரும்பால் ஆனவன் தீயை அறிந்தான், புகையை அறிந்தான், நாணை அறியவில்லை. வேடிக்கைக்காகப் பார்க்கப்பட்ட ஒரு படத்தில் 1020ஆம் குறளுக்கு உரை கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அசையாத பாதி

இனி ஆடலுக்கே திரும்புவோம். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்து நடுகற் காதையில், சேரன் செங்குட்டுவனும் தேவி வேண்மாளும் வீற்றிருக்க, பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஒருவன் ஆடுகிறான். உமையொரு பாகனாகிய இறைவன் ஆடிய கொட்டிச்சேதம் என்னும் கூத்து அது. இறைவனுக்குரிய பாதியில் சிலம்பு ஒலிக்கிறது, பறை ஆர்க்கிறது, செஞ்சடை திசையெல்லாம் அலைகிறது. உமைக்குரிய பாதியிலோ பாடகம் அசையவில்லை, கைவளை குலுங்கவில்லை, மேகலை ஒலிக்கவில்லை, காதணி ஆடவில்லை, கூந்தல் அவிழவில்லை. ஒரே உடலின் ஒரு பாதி ஊழிக்கூத்து ஆட, மறுபாதி ஓவியம் போல் நிற்கிறது. இது சேர நாட்டில், இன்று நாம் வாழும் இம்மண்ணில், ஒரு மனிதன் ஆடியதாக இளங்கோவடிகள் காட்டும் ஆடல்.

இதனை ஓர் இயந்திரத்திடம் கொடுத்துப் பார்ப்போம். வலப்பக்கத்து விசையை முடுக்கி இடப்பக்கத்து விசையை நிறுத்திவைத்தால் போதும். ஒரு மயிரிழையும் பிசகாமல் அது ஆடிவிடும். ஆயினும் அதில் நாம் வியக்க ஒன்றுமில்லை. முடுக்காத பாதி அசையாதது இயற்கை. சாக்கையனுடைய இடப்பாதி அசையக்கூடியது. வலப்பாதியின் வேகம் ஒவ்வொரு நொடியும் அதனை இழுக்கிறது. அவன் அதனை அடக்கி நிற்கிறான். அசைவதற்கு ஆற்றல் பெற்றது அசையாமல் நிற்பதற்கே அடக்கம் என்று பெயர். கல் அசையாமல் இருப்பதை யாரும் அடக்கம் என்று கூறுவதில்லை.

ஆடலின் அறம் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. ஆடுபவன் வேறுவகையாகவும் ஆடியிருக்கலாம், தளர்ந்திருக்கலாம், பாதியில் நிறுத்தியிருக்கலாம், அவையோரை மயக்க எளிய வழியை நாடியிருக்கலாம். அவற்றையெல்லாம் விலக்கி, முறையாக ஆடி முடிக்கிறான். மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அந்த ஏழாண்டு மீண்டும் வாராது. இயந்திரம் நொடியில் கற்கும். கற்பதற்காக அது எதனையும் இழப்பதில்லை. இழப்பில்லாத இடத்தில் திறமை இருக்கலாம்; கொடை இருக்க இயலாது.

ஈண்டு ஒரு தடை எழும். நாமும் பாவைகளே, ஆட்டுவிப்பவன் இறைவன் என்று நாவுக்கரசர் பாடவில்லையா என்று சைவ அன்பர் கேட்பர். பாடினார். ஆனால் அதே நாவுக்கரசரே பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணிய மறுத்தார். தம்மை ஆட்டுவிப்பவன் இன்னான் என்று அறிந்ததனாலேயே, மற்றவர் இழுத்த கயிற்றுக்கு அவர் ஆடவில்லை. தான் ஆட்டுவிக்கப்படுவதை அறிவதும், ஆடத்தகாத இடத்தில் ஆடாதிருப்பதும் பாவைக்கு இயலுமா?

கலை தேடிவந்த வேற்றுலகத்தார்

1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ என்னும் தமிழ்ப்படத்தை நம்மில் மூத்தோர் பார்த்திருக்கலாம். ஏ. காசிலிங்கம் இயக்கியது, நம் பாலக்காட்டு வடவன்னூரில் குடும்ப வேர் கொண்ட எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்தது. வேற்றுலகத்தார் விண்கலத்தில் வந்து ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கிறார்கள். பொன்னுக்காக அன்று, நாட்டைப் பிடிக்கவும் அன்று. அவர்கள் உலகில் அறிவியல் வளர்ந்திருக்கிறது, இசைக்கலை வளரவில்லை. அதனைக் கற்றுத்தர ஓர் ஆள் வேண்டும்.

கதை எளிய கதைதான். ஆனால் அதில் பொதிந்த கருத்து எளியதன்று. விண்வெளியைக் கடக்க வல்லவர்க்கு ஓர் இசைத்தட்டை எடுத்துச் செல்வது அரிதா? பாட்டின் ஒலி மட்டுமே கலையாயின் இசைத்தட்டே போதுமே. பாடுபவளையே கொண்டுபோனார்கள். கலை ஆளோடு வருவது, ஆளிடமிருந்து ஆளுக்குச் செல்வது என்பதை அக்கதையை எழுதியவர் உணர்ந்திருந்தார். அவர்கள் செய்த பிழை, விரும்பிக் கொடுக்க வேண்டியதை வலிந்து பறிக்க முனைந்ததே.

எதிர்வாதம்

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, இயந்திரக் கூத்தை நாம் பழிக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டா. மறுபக்கத்தில் வலிய நியாயம் ஒன்று உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது.

இரவெல்லாம் விழித்து, எண்ணெய்ப் புகையில் நின்று, ஆளில்லாத மைதானத்தை நோக்கிக் கம்பனைப் பாடும் மனிதர் யாருக்காக அத்துன்பத்தைத் தாங்க வேண்டும்? ‘மரபு அழியலாகாது’ என்று நாம் மின்விசிறியின் கீழ் அமர்ந்து எழுதிவிடலாம். அம்மரபைத் தோளில் சுமப்பவர் அவர். அவர் பிள்ளைக்கும் கல்வி வேண்டும். வீட்டுக்கும் வருவாய் வேண்டும். கூத்தைக் காண ஓரிரவும் செல்லாத ஒருவர், அக்கூத்தில் இயந்திரம் வந்துவிட்டதே என்று வருந்துவதற்கு என்ன உரிமை உடையவர்? இயந்திரத்தை அமைக்கத் துணை நின்றவர்களுள் கூத்துக் கலைஞர்களும் உளர். அருங்காட்சியகத்தில் அரைநாழிகை நின்று அப்பொறியைக் காணும் ஒரு சிறுவன், பின்னொரு நாள் மாடத்தைத் தேடி வரக்கூடும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அது தவறான எண்ணம் ஆகாது.

ஆகவே நாம் காணும் முடிவு இது. காட்டுதல் வேறு, நேர்தல் வேறு. கூத்து இன்னதென்று காட்டும் பணியை இயந்திரம் செய்யட்டும். அதனைக் களைப்பின்றிச் செய்யும். ஆனால் மாடத்தில் நடப்பது காட்டுதல் மட்டும் அன்று. ஒரு குடும்பம் தன் நோய்க்கோ மகவுக்கோ வேண்டிக்கொண்டு கூத்துக்குக் காணிக்கை அளிக்கிறது. புலவர் அவர்களுக்காக அம்மனிடம் வேண்டுகிறார். அவர் அவர்களுக்காக விழித்திருக்கிறார். பிறர் பொருட்டு ஒருவன் உறக்கத்தைத் துறப்பதில் உள்ள பொருள், உறக்கமே இல்லாத ஒன்று விழித்திருப்பதில் இல்லை. இவ்வொன்றை இயந்திரத்திடம் ஒப்படைக்க இயலாது. ஒப்படைத்தாலும் ஒப்படைத்தவர் கையைவிட்டு அது போவதில்லை.

எல்லையில் வாழும் நாம்

இவ்வாராய்ச்சி எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு எவ்வகையில் உரியது என்பதைக் கூறி முடிப்போம்.

1956இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது பாலக்காடு சென்னை மாநிலத்திலிருந்து கேரளத்துக்கு வந்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல்களிலும், மூணாறு, வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அன்றுமுதல் தம் மொழியை வீட்டிலும் கோயிலிலும் பள்ளியிலும் தம் முயற்சியாலேயே காத்து வருகின்றன. அலுவல் நிமித்தம் பின்னர் வந்து குடியேறியவர்க்கும் நிலை அதுவே. இம்முயற்சியில் திரை நமக்குப் பெருந்துணையாக இருந்திருக்கிறது. திரைப்படமும் பின்னர்த் தொலைக்காட்சியும் இல்லாவிடின் நம் பிள்ளைகள் பலர்க்குத் தமிழ் காதில் விழுந்தே இராது. அதற்கு நாம் நன்றி உடையோம்.

ஆனால் துணை எங்கே தலைமை கொள்கிறது என்பதை நம் ஆண்டு விழாக்களில் காணலாம். மேடையின் பின்புறம் ஒளித்திரை, அதில் படக்காட்சி, பதிந்துவைத்த பாட்டு, முன்னே பிள்ளைகள் அக்காட்சியிலுள்ள அசைவை அப்படியே திருப்பிச் செய்கிறார்கள். பிள்ளைகள் உழைக்கிறார்கள், பெற்றோர் மகிழ்கிறார்கள். குற்றம் கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் பாட்டின் பொருள் என்னவென்று கேட்டால் விடை சொல்லத் தெரியாத பிள்ளை, கயிறு கண்ணுக்குத் தெரியாத பாவையாக ஆகிவிடவில்லையா? பொறி மனிதனைப் போல் ஆடக் கற்றுக்கொள்ளும் காலத்தில், மனிதன் பொறியைப் போல் ஆடப் பழகுவது வருந்தத்தக்கது.

இலங்கை மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் காமன் கூத்தைத் தம்மோடு கொண்டு சென்றனர். பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்ல அவர்களிடம் பொருள் அதிகம் இல்லை; உடலிலும் நினைவிலும் வைத்துக் கொண்டு சென்றனர். பகலெல்லாம் மலையேறி உழைத்தவர்களே இரவில் இரதியும் மன்மதனுமாக ஆடினர். தோட்டத்தார் அனைவரும் கூடி நின்றனர். இன்றும் மாசி, பங்குனித் திங்களில் அங்கே அக்கூத்து நடைபெறுகிறது. அதனைக் காத்தது ஆடியவரின் உறுதியும், கூடி நின்றவரின் உறவும் ஆகும்.

நம்மால் ஆவன சில உண்டு. தை தொடங்கிக் கோடை முடியும் வரை பாரதப்புழைப் பக்கத்துக் கோயில்களில் கூத்து நடைபெறும். பாலக்காட்டில் உள்ளோர் ஆண்டில் ஓரிரவேனும் பிள்ளைகளோடு சென்று திரைக்கு முன்னே அமரலாம். விடியும்வரை இருக்க இயலாவிடினும் இரண்டு நாழிகை இருக்கலாம். புலவர் பாடும் பாட்டில் ஒன்றை அவரிடமே பொருள் கேட்கலாம். மலையாளம் பேசும் ஒருவர் கம்பனுக்குப் பொருள் சொல்வதைக் கேட்கும் தமிழ்ப் பிள்ளை அதனை எளிதில் மறவாது. இடுக்கி மலைப்பகுதியில் உள்ளோர்க்கு அது தொலைவு. அவர்கள் தம் விழாவில் ஒரு நிகழ்ச்சியையேனும் திரையின்றி, பதிவின்றி, பாட்டி ஒருத்தி பாட, பேத்தி ஒருத்தி ஆட நடத்தலாம். தாளம் தவறலாம், குரல் நடுங்கலாம். தவறக்கூடியவர் தவறாமல் இருக்க முயல்வதைக் காண்பதற்குத்தானே நாம் கூடுகிறோம்?

இயந்திரம் நன்றாகவே ஆடும். இனி இன்னும் நன்றாக ஆடும். அதனைக் காண யாரும் இல்லையென்றால் அது வருந்தப் போவதில்லை. கூத்துமாடத்தில் பாடும் மனிதர் வருந்துவார், வருந்தியும் பாடுவார். அவர் முன்னே சென்று அமர்வது நம் கடமை.